வலது விங்கில நிக்கிற பொடியன் மட்சில உறைஞ்சு போறான். என்ன செய்யலாம்?

மரைன் டிரைவ்:

வணக்கம். நான் முழுநேர உதைபந்துக் கோச் இல்லை. பகலில ஒரு கந்தோர் வேலை, கிழமைக்கு மூண்டு பின்னேரம் 17 வயசுக்குக் கீழ்ப்பட்ட பொடியள் 18 பேரோட கிரவுண்டில நிக்கிறன். முக்கால்வாசிப் பேர் கொழும்பு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பொடியள். ஒருத்தன் மட்டும் தெமட்டகொடையில இருந்து ரெண்டு பஸ் மாறி வாறான். கேள்வி அவனைப் பற்றித்தான்.

7ஆம் நம்பர், வலது விங், அதாவது வலக் கரைக் கோட்டோட முன்னால ஓடுற ஆள். பிராக்டிசில அவனைப் பிடிக்க ஆளில்லை. நாலு கோன் வைச்சு ஓடவிட்டா மற்றவன் ரெண்டாவது கோனுக்கு வரேக்க இவன் முடிச்சிட்டு நிண்டு சிரிப்பான். ஒண்டுக்கு ஒண்டு விட்டா எங்கட இடது பெக்கை (இடப் பக்கம் பின்னால நிண்டு தடுக்கிறவனை) ஒவ்வொரு நாளும் அழ வைக்கிறான். கரையில இருந்து கோலுக்கு முன்னால போடுற கிராஸும் நல்லா போடுவான், பந்து நிலத்தில இருந்து ஒரு முழம் எழும்பி வளைஞ்சு போகும்.

மட்ச் எண்டா வேற ஆள். பந்து வந்தா உள்ளங்காலால மிதிச்சு நிப்பாட்டுறான். நிமிர்ந்து பாக்கிறான். அதுக்குள்ள ஒருத்தன் வந்து முதுகில ஒட்டிடுவான். பேந்து பின்னால கரையில நிண்டு தடுக்கிற புல்பெக்குக்குத் தட்டிவிடுறான். இல்லாட்டி தலையைக் குனிஞ்சுகொண்டு மூண்டு பேருக்குள்ள நேரா புகுந்து பறிகுடுக்கிறான். நடுவில ஒண்டும் இல்லை.

நான் செய்தது என்னெண்டா: "ஆளை அடிச்சுக்கொண்டு போ", அதாவது பந்தோட ஆளை ஏமாத்திக் கடந்து போ எண்டு சொன்னன். பறிகுடுத்தான். "பந்தைப் பறிகுடுக்காத" எண்டு சொன்னன். பின்னால பாஸ் பண்ணினான். ரெண்டையும் நான்தான் சொன்னன் எண்டது இதை எழுதேக்கதான் எனக்கே உறைக்குது.

இன்னொண்டு. முதல் பாதியில ஓரளவுக்குப் பரவாயில்லை. ரெண்டாம் பாதியிலதான் முழுசாக் காணாமல் போறான். அதால இது ஸ்டமினாப் பிரச்சினை எண்டு நினைச்சு, பிராக்டிஸ் முடிய அவனை மட்டும் நிப்பாட்டி இன்னும் 20 நிமிசம் ஓட வைக்கிறன். ஒரு மாசமாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. கடைசி அஞ்சு மட்சில ஒரே ஒரு நாள்தான் ரெண்டாம் பாதியில நல்லா விளையாடினான், ஒரு கோலுக்குப் பந்தும் குடுத்தான். அண்டைக்கு மழை பெய்து குளிர்மையா இருந்தது, அதாலயாக்கும் எண்டு விட்டிட்டன்.

ஆளோட கதைச்சுப் பாத்தன். எதைக் கேட்டாலும் "விளங்குது சேர்" எண்டுறான். அதுக்கு மேல ஒரு சொல்லும் வெளியில வராது. அடுத்த மாசம் ஒரு தொடர் இருக்கு. அவனை வெளியில இருத்த எனக்கு மனமில்லை. ஆனா மற்றப் பொடியளும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறாங்கள்.

பார்சா தெஹிவளை:

அண்ணா, சிம்பிள். இடது பக்கம் மாத்துங்க. பார்சா (பார்சிலோனா) விங்கர் ரபீன்யாவைப் பாருங்க. 2024 கோடையில பார்சாவை விட்டுப் போறதா என்று யோசிச்ச ஆள். புதுக் கோச் ஃபிளிக் வந்து இடது பக்கம் போட்டு, கோட்டோட ஒட்டி நிக்காம உள்ளே சுத்த விட்டார். 2024-25 சீசனில் எல்லாப் போட்டியும் சேர்த்து 34 கோல். ஐரோப்பியக் கழகங்கள் மோதுற சாம்பியன்ஸ் லீக்கில மட்டும் 13. அதே ஆள், அதே கால்.

கொம்பனித்தெருவான்:

கோச், பெரிய விசயம் பேச முன்னாடி சின்ன விசயத்தப் பாருங்க. பூட்ஸ் சைஸ் சரியா ஈக்குதா? நம்ம ஏரியாவுல பாதிப் புள்ளைங்க நானாட பழைய பூட்ஸைத்தான் போட்டு விளையாடும். முன்னுக்கு ஒரு விரல் இடம் இருந்தா காலுக்குள்ள பந்து நிக்காது, வெட்டித் திரும்பவும் ஏலாது. பிராக்டிஸ்ல வெறுங்கால்லயோ கென்வஸ்லயோ விளையாடி, மட்ச்சுக்கு மட்டும் அதப் போடுறானா என்று பாருங்க.

மத்தது, மட்ச் அன்னைக்கு என்ன சாப்புட்டு வாரான்? சனிக்கிழம கிளாஸ் முடிஞ்சு அப்படியே வாற புள்ளைங்க ஒரு மாலு பனிசும் (மீன் பனிஸ்) பிளேன்டீயும்தான். அத வச்சி 80 நிமிசம் ஓட ஏலுமா?

மரைன் டிரைவ்:

ரெண்டு பேருக்கும் நன்றி.

பூட்ஸ் பாத்தன். சரியாத்தான் இருக்கு, போன வருசம் புறக்கோட்டையில புதுசா வாங்கினதாம். என்ர கவலை வீண். சாப்பாடு நீங்கள் சொன்ன மாதிரியேதான், மாலு பனிஸ் எண்டதுகூடச் சரி! இனி ஒரு சோத்துப் பார்சலும் ரெண்டு வாழைப்பழமும் மட்சுக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் உள்ளுக்குப் போறதுக்கு ஒரு வழி செய்யிறன்.

தம்பி பார்சா, இடது பக்கம் ஒரு மட்சில போட்டுப் பாத்தன். இடக்கால் அவனுக்கு நடக்கிறதுக்கு மட்டும்தான். உள்ள வெட்டி வலக்காலால அடிப்பான் எண்டு எதிர்பாத்தன். நடுவில ஆக்கள் நிறைஞ்சு நிக்கிறாங்கள், இன்னும் கெதியாப் பறிகுடுத்தான்.

பழைய 7:

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். நான் கொட்டாஞ்சேனை. இப்போது பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பிணைச்சலும் விற்கிறேன். ஒரு காலத்தில் பதினொரு வருசம் இந்த ஊர் லீக்குகளில் வலது விங்கில் ஓடியவன். முழங்கால் போன பிறகு கடைக்கு வந்தவன். 1995இல் சுகததாச மைதானத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய காலத்தில், அந்த முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டித் திரிந்தேன். அதை விடுங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. மைதானத்தில் உங்கள் பெஞ்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? முதல் பாதியில் எந்தக் கோலுக்கு அடிக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், பதினொரு பேரில் விங்கரும் புல்பெக்கும் மட்டும்தான் கோட்டோடு விளையாடுகிறவர்கள். நடுவில் நிற்பவனுக்கு நீங்கள் கத்துவது பாதிதான் கேட்கும். விங்கருக்கு அப்படியில்லை. ஒரு பாதி முழுக்க உங்கள் மூக்குக்குக் கீழே நிற்பான், மற்றப் பாதியில் உங்களுக்கு எட்டாத கரையில் நிற்பான். நான் விளையாடிய காலத்தில் எங்கள் கோச் கோட்டோரம் என்னோடு கூடவே ஓடுவார். நான் பந்தைத் தொட முன்னமே "போடு, போடு" என்பார், தொட்ட பிறகு "ஏன்டா போட்டாய்" என்பார். நல்ல மனிசன், மட்ச் முடிந்தால் எல்லாருக்கும் கொத்து ரொட்டி வாங்கித் தருவார். ஆனால் நான் எப்போதும் மற்றக் கரையில்தான் நன்றாக விளையாடினேன். கேட்பவர்களுக்கு "அந்தப் பக்கம் புல்லு நல்லது" என்று சொல்வேன். நானே அதை நம்பினேன். நாற்பது வயதுக்கு மேல்தான் புல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளங்கியது.

உங்கள் பொடியன் ரெண்டாம் பாதியில் காணாமல் போகிறான் என்றீர்கள். பிராக்டிசில் எல்லாரையும் முந்தி ஓடி முடித்துச் சிரிக்கிறவனுக்கு ஸ்டமினா எப்படி நாற்பதாவது நிமிசத்தில் போகும்? அந்த மழை நாளையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அன்றைக்கு எந்தக் கோலுக்கு அடித்தீர்கள்?

அடுத்த மட்சில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, வெளியில் இருக்கிற ஒரு பொடியனிடம் கொப்பியும் பேனையும் கொடுத்து, 7ஆம் நம்பருக்குப் பந்து எத்தனை தரம் போகிறது, எப்படிப் போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். அவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டாம், பந்து எப்படி வந்தது என்று மட்டும். காலுக்கு வந்ததா, ஓடுகிற இடத்துக்கு வந்ததா, வாங்கும்போது கோலைப் பார்த்து நின்றானா, முதுகைக் காட்டி நின்றானா.

இரண்டாவது, இன்னொருவனிடம் உங்கள் வாயை எண்ணச் சொல்லுங்கள். அவன் பெயரை எத்தனை தரம் கூப்பிடுகிறீர்கள் என்று பாதி பாதியாக. கோபிக்க வேண்டாம்.

மரைன் டிரைவ்:

ஐயா, கோபமில்லை. வெக்கம்தான்.

முதல்ல பெஞ்ச் விசயம். எங்கட கிரவுண்ட் கிழக்கு மேற்காப் படுத்திருக்கு. பெஞ்ச் தெற்குக் கரையில. எங்கட கப்டன் ரொஸ் (காசு சுண்டுறது) வெண்டா எப்பவும் முதல் பாதியில கடல் பக்கக் கோலுக்கு அடிக்கிறம் எண்டு கேப்பான். அப்பதான் ரெண்டாம் பாதியில சூரியன் தாழேக்க எங்கட கோல் கீப்பருக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர் கீப்பருக்குக் கண்ணில குத்தும். கெட்டிக்காரத்தனம் எண்டு நானும் தட்டிக்குடுத்தனான். மேற்க பாத்து அடிச்சா வலது விங் வடக்குக் கரை. கிழக்க பாத்து அடிச்சா தெற்கு, அதாவது என்ர காலடி.

அஞ்சு மட்சில நாலில ரொஸ் வெண்டம். மழை பெய்த மட்சில தோத்தம். அண்டைக்குத்தான் ரெண்டாம் பாதியில அவன் வடக்குக் கரையில நிண்டவன்.

இதை ஒரு கடதாசியில கீறிப் பாத்திட்டு ராத்திரி கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். மனிசி என்ன எண்டு கேட்டா. சொன்னன். "நீங்கள் வீட்டிலயும் அப்பிடித்தானே" எண்டா.

இப்ப கணக்கு. சனிக்கிழமை சிநேகபூர்வ மட்ச், பந்து அவனிட்ட 26 தரம் போயிருக்கு. 19 தரம் நேரா காலுக்கு, கோட்டோட ஒட்டி நிக்கேக்க, கோலுக்கு முதுகு காட்டினபடி. 5 தரம் ஓடுற இடத்துக்கு முன்னால. 2 தரம் தலைக்கு மேலால வெளியில. அந்த 19இல 11 பறிபோச்சு, 8 பின்னால. ஓடுற இடத்துக்குப் போன 5இல நாலு தரம் ஏதோ ஒண்டு நடந்திருக்கு: மூண்டு கிராஸ், ஒரு கோர்னர். நான் இவ்வளவு நாளும் அந்த 19ஐப் பாத்துத்தான் அவனுக்குத் திட்டினது.

மற்றக் கணக்கு எழுதவே கூச்சமாக் கிடக்கு. ரிசர்வ் கீப்பர் எண்ணினவன், நல்லாச் சந்தோசப்பட்டுத்தான் எண்ணியிருக்கிறான். முதல் பாதியில அவன்ர பேரை நான் 3 தரம் கூப்பிட்டனான். ரெண்டாம் பாதியில 31. கீழ அடைப்புக்குறிக்குள்ள "அப்பாவை எண்ணேல்லை, கை வலிக்குது" எண்டு எழுதி வைச்சிருக்கிறான். பொடியன்ர தகப்பனும் என்ர பக்கத்திலதான் நிப்பார்.

விங்கரின் அம்மா:

நான் பந்து விளையாட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் இல்லை. என் மகன் நாலு வருசம் இடது விங்கில் விளையாடினான், அதனால் கோட்டோரம் நின்று பழக்கம். ஒரு நாள் வீட்டில் சாப்பிடும்போது, "அம்மா, நீங்க வாங்க, ஆனா அப்பாவும் நீங்களும் மற்றப் பக்கம் இருங்களேன்" என்றான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. லீவு போட்டு, மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போகிற மனிசனுக்கு வராதா? இரண்டு மட்ச் வரவே இல்லை. பிறகு வந்தார், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தார். அங்கிருந்து கத்தினால் கீப்பருக்குத்தான் கேட்கும், பாவம் கீப்பர்.

நான் சொல்ல வந்தது வேறு. பிராக்டிஸ் முடிந்து அவனை மட்டும் 20 நிமிசம் ஓட வைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெமட்டகொடைக்கு இரண்டு பஸ். அந்தப் பிள்ளை வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறான் என்று கேட்டீர்களா? மற்றவர்கள் சிரித்துக்கொண்டு போகும்போது தான் மட்டும் ஓடினால், அதைப் பயிற்சி என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. தண்டனை என்றுதான் நினைக்கும்.

மரைன் டிரைவ்:

அம்மா, கேக்கேல்லை. இண்டைக்குக் கேட்டன். எட்டரை ஆகுதாம். ஓட்டத்தை நிப்பாட்டிட்டன்.

பார்சா தெஹிவளை:

குறை நினைக்காதீங்க, ஆனா இதெல்லாம் ஓவர் செல்லம். சத்தம் தாங்காதவன் பெரிய மட்ச் எப்படி விளையாடுறது? சுகததாசவில ஆயிரம் பேர் கத்துவான். எல்லாரையும் மற்றப் பக்கம் போய் இருக்கச் சொல்லுவீங்களா?

பழைய 7:

தம்பி தெஹிவளை, நல்ல கேள்வி. ஆயிரம் பேர் கத்துவது கடல் சத்தம் மாதிரி, காதுக்குப் பழகிவிடும். அதில் யாரும் "இப்போது பாஸ் பண்ணு" என்று உங்கள் பெயர் சொல்லிக் கத்துவதில்லை. ஒரு குரல், தெரிந்த குரல், பந்து காலில் இருக்கும்போது கட்டளை போடுகிறது. அதுதான் மூளையை இரண்டாகப் பிளக்கிறது. விங்கருக்கு முடிவெடுக்க இருப்பது ஒரு கண்வெட்டு நேரம். அதில் பாதியை நாம் தின்றுவிடுகிறோம்.

பெரிய ஆட்களுக்கும் இது இருக்கிறது. 2012இல் மியூனிக்கில் செல்சீக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மேலதிக நேரத்தில் பயர்ன் விங்கர் ரொபன் அடித்த பெனல்டியை செல்சீ கீப்பர் செக் பிடித்தார், பயர்ன் தோற்றது. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் நெதர்லாந்துக்காக பயர்னுக்கு எதிரான சிநேகபூர்வ ஆட்டத்தில் இறங்கியபோது, சொந்தக் கழகத்தின் ஆதரவாளர்களே அவருக்கு விசில் அடித்தார்கள். அடுத்த வருசம் அதே இறுதிப் போட்டியில், வெம்ப்ளியில் டோர்ட்மண்டுக்கு எதிராக 89வது நிமிசத்தில் வெற்றிக் கோலை அடித்தது அவர்தான். சத்தத்தைத் தாங்கினார், சரி. ஆனால் அப்போது அவருக்கு 29 வயது, பின்னால் லாம் என்ற புல்பெக் இருந்தார். நம்ம பொடியனுக்கு 16 வயது, பின்னால் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அதற்குத்தான் வருகிறேன்.

மரைன் டிரைவ் தம்பி, அந்த 19 பந்தும் யாரிடமிருந்து வந்தன? நான் சொல்கிறேன், பாருங்கள் சரியா என்று. பின்னால் நடுவில் நிற்கிற ஸ்டொப்பர் பந்தை வலது புல்பெக்குக்குக் கொடுக்கிறான். புல்பெக் நிமிர்ந்து பார்க்கிறான், வேறு ஆளில்லை, கோட்டோடு நேராக விங்கருக்குத் தள்ளுகிறான். உதைபந்தில் இதைவிட மோசமான பாஸ் எனக்குத் தெரியாது. பந்து உருண்டு வருகிற நேரத்திலேயே எதிராளி முதுகில் ஏறிவிடுவான். ஒரு பக்கம் அவன், மற்றப் பக்கம் கோடு. கோடு யாரையும் தடுக்கி விழுத்தாது, ஆனால் கடந்து போகவும் விடாது. அதில் மாட்டினவனுக்குப் பின்னால் தட்டுவதைத் தவிர என்ன வழி?

அதே பந்தை உள்ளே நிற்கிற 8ஆம் நம்பருக்குக் கொடுத்து, அவன் சாய்வாக வெளியே போடட்டும். அப்போது விங்கர் பந்தையும் எதிராளியையும் கோலையும் ஒரே பார்வையில் காண்பான். நிற்கிற விதத்தையும் மாற்றுங்கள். உடம்பைத் திறந்து, குதி கோட்டைப் பார்க்க நிற்கட்டும். பந்தைக் கிட்ட இருக்கிற காலால் மிதிக்க விட வேண்டாம், அது தன் முன்னால் கடந்து போய்த் தூரத்துக் காலுக்கு வரட்டும். வலது விங்கில் அது வலது கால்தான். முதல் தொடுகையிலேயே முன்னால் தள்ளிவிடலாம். உள்ளங்காலால் மிதித்து நிறுத்தும் பழக்கம் தெருவில் வருவது, ஐந்துக்கு ஐந்து விளையாடுபவர்களுக்கு அழகு. விங்கில் அது பிரேக்.

அடுத்தது ஓட்டம். பந்தை நோக்கி இரண்டு அடி வரட்டும், எதிராளி கூட வருவான், வந்ததும் திரும்பி அவன் முதுகுக்குப் பின்னால் ஓடட்டும். 8ஆம் நம்பர் அந்த இரண்டாவது அடியைக் கண்டதும் பந்தைப் போட வேண்டும், திரும்பிய பிறகு போட்டால் பிந்திவிடும். இதை 7, 8, புல்பெக் மூன்று பேரும் சேர்ந்து பழக வேண்டும். விங்கரை மட்டும் தனியாகக் கோனைச் சுற்றி ஓடவிட்டால் கோனை ஏமாற்றத்தான் பழகுவான். கோன் முதுகில் ஏறாது.

புல்பெக் சில நேரம் அவனைக் கடந்து வெளியால் ஓடட்டும். பந்து கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எதிராளி ஒரு கணம் யாரைப் பிடிப்பது என்று யோசிப்பான், அந்த ஒரு கணம் போதும். தெஹிவளைத் தம்பி சொன்ன ரபீன்யா கதையிலும் இதுதான் இருக்கிறது. அவர் உள்ளே போக முடிந்தது, வெளியே கோட்டோடு இடது புல்பெக் பால்டே ஓடினபடியால்.

ரியல் மட்ரிட் விங்கர் வினீசியசையும் பாருங்கள். 2020 ஒக்டோபரில் ஜெர்மனியில் ஒரு சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தின் இடைவேளையில், அவனுக்குப் பந்து கொடுக்காதே என்று சக வீரர் பென்சிமா இன்னொரு சக வீரர் மெண்டிக்குச் சொன்னது கமராவில் பிடிபட்டது. அந்த சீசன் முழுக்க அவருக்கு 6 கோல். அன்செலோட்டி கோச்சாக வந்த அடுத்த சீசனில் 22, அதில் ஒன்று லிவர்பூலுக்கு எதிரான இறுதிப் போட்டியின் ஒரே கோல். டிரிப்ளிங்கை (பந்தோடு ஆளை வெட்டி ஓடுவதை) யாரும் புதிதாகப் பழக்கவில்லை. கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் போனால் ஒன்று இரண்டு தொடுகையில் முடி என்றார்கள். சொன்னது சின்ன விசயம், ஆனால் ஒரே விசயம்.

உங்கள் பொடியனுக்கும் ஒரே விசயம் சொல்லுங்கள். நம்ம பாதியில் பந்து வந்தால் இரண்டு தொடுகையில் விட்டுவிடு. எதிராளியின் கோலுக்குக் கிட்ட, மைதானத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வந்தால் ஆளை அடி. பறிபோனால் அது என் கணக்கு. இதைச் சொன்ன பிறகு, அங்கே பத்துத் தரம் பறிகொடுத்தாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவன் இனி உங்களை நம்பமாட்டான், "விளங்குது சேர்" என்பான்.

கொம்பனித்தெருவான்:

ஐயா, கோட்டப் பத்தி சொன்னீங்க பாருங்க, அதச் சொல்ல எனக்கு இவ்ளோ நாளும் வாய் வரல. நானும் இடது விங்குதான். கோச், பெஞ்ச மற்றப் பக்கம் மாத்த விடுவாங்களா?

மரைன் டிரைவ்:

பெஞ்சை மாத்த ஏலாது, நிழல் அந்தக் கரையிலதான், ரெண்டு ரீமும் அங்கதான் இருக்கும். கப்டனைக் கேட்டன், ரொஸ்ஸில மாத்திக் கேளடா எண்டு. "அப்ப கீப்பர்ர கண்?" எண்டான். அவன் சொல்லுறதும் நியாயம். ஆக வாயைத்தான் மாத்த வேண்டியிருக்கு.

நேற்று மட்ச். முதல்ல தகப்பனோட கதைச்சன். அவர் சண்டைக்கு வருவார் எண்டு பயந்தனான். "சேர் கத்தினபடியாத்தான் நானும் கத்தினன், சேர் சும்மா இருந்தா நான் ஏன்" எண்டார். மனிசன் வடக்குக் கரைக்குப் போய் மதிலோட சாய்ஞ்சு நிண்டார். நான் ஒரு பக்கற் சூயிங்கம் வாங்கி வைச்சுக்கொண்டன். ரெண்டாம் பாதியில அவன் பேரை 6 தரம் கூப்பிட்டனாம். ரிசர்வ் கீப்பர் இன்னும் எண்ணுறான், நிப்பாட்டச் சொல்லியும் கேக்கிறானில்லை.

1-1. கடைசி மூன்றில ஒன்பது தரம் ஆளை அடிச்சான், அஞ்சு பறிபோச்சு. ஒரு தரம் பறிபோன உடன நிண்டு என்னைப் பாத்தான். நான் சப்பிக்கொண்டு ஆகாயத்தைப் பாத்தன். அடுத்த பந்தை வாங்கித் திரும்பி அடிச்சுக்கொண்டு போய் அடிக்கோட்டில இருந்து வெட்டிப் போட்டான், எங்கட 9ஆம் நம்பர் தவற விட்டிட்டான். கோலா இருந்திருக்க வேணும். கோட்டோட நேரா வந்த பந்து 19இல இருந்து 8ஆக் குறைஞ்சிருக்கு, 8ஆம் நம்பர் இன்னும் பிந்தித்தான் போடுறான்.

ஐயாவிட்ட ஒண்டு கேக்க வேணும். புல்பெக்கை வெளியால ஓடவிட்டது நல்லா வேலை செய்தது. ஆனா அவங்கட கோல் வந்ததும் அந்த வெற்றிடத்தாலதான். எங்கட புல்பெக் முன்னால போய் நிண்டான், பந்து பறிபோச்சு, அவங்கட இடது விங்கன் தனிய ஓடினான். இதுக்கு என்ன செய்யிறது?

பழைய 7:

வலது பெக் போனால் இடது பெக் போகக்கூடாது, ஸ்டொப்பர்களோடு மூன்றாவது ஆளாக உள்ளே ஒதுங்க வேண்டும். ஸ்டொப்பர்களுக்கு முன்னால் நிற்கிற உங்கள் 6ஆம் நம்பர் வலப் பக்கம் ஐந்து அடி சாய்ந்து நிற்கட்டும். பந்து பறிபோன உடனே முதலில் பாய வேண்டியவன் 7தான், அவன்தான் கிட்ட நிற்கிறான். ஐந்து எண்ணும்வரை துரத்தட்டும், கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு இறங்கட்டும். வியாழக்கிழமை இதை நடக்க வைத்துக் காட்டுங்கள், ஓட வைக்க வேண்டாம். கடை ஐந்தரைக்குப் பூட்டுவேன், முழங்கால் விட்டால் நானும் வருகிறேன். வடக்குக் கரையில் நிற்பேன்.